ஞாயிறு நோட்டா, போன் காலண்டரா, அம்மானுக்கு அனுப்பும் கணக்கா?

வைகாசி முகூர்த்தமெல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம் வாரத் திட்டம் எழுதிய பழைய நோட்டைப் புரட்டினேன். ‘வெள்ளி: ஒரு கிலோ டப்பா தீர்ந்துபோச்சு. மதுரையிலிருந்து பஸ்ஸில் போடச் சொல்லி வாங்கினது’ என்று என் கையெழுத்து. அடுத்த வாரப் பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த வாரத்திலும். மூன்று தடவையும் எழுதியவன் நான். ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்காதவனும் நான்தான்.

காரைக்குடியில் எட்டுப் பேரை வைத்துப் பலகாரத் தொழில் செய்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, கைமுறுக்கு. கல்யாணச் சீருக்கும் போகும், வெளியூர்ப் பார்சலுக்கும் போகும். வாரத்தைத் திட்டமிட யூடியூபில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நான் மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். அதில் ஒன்றை ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) பட்டறை வைத்திருக்கும் நண்பர் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். அவரையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

முதலில் நோட்டு. இரண்டு வருஷம் ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதினேன். ஞாயிறு ராத்திரிக்கென்று ஒரு வீரம் உண்டு. ஓய்வெடுத்த உடம்பு, ஒரு மனக்கோட்டை, இருபது வேலை. புதன்கிழமை பார்த்தால் ஆறு முடிந்திருக்கும். ஆனாலும் நோட்டை லேசில் தள்ள மாட்டேன். மாவுக் கையோடு பார்க்கலாம். அடுப்படிக்குப் பொறுப்பான அக்கா நான் இல்லாதபோதும் எடுத்துப் படித்துக்கொள்வார். எல்லாவற்றையும்விட, முடியாத வேலையை அடுத்த வாரப் பக்கத்துக்குக் கையாலேயே மாற்றி எழுத வேண்டும். ‘லேபிள் மாற்றணும்’ என்று நாலாவது வாரம் எழுதும்போது கைக்கே கூச்சம் வந்துவிடும். ஒன்று செய்துவிடுவோம், இல்லையென்றால் அடித்துவிடுவோம். அந்தக் கூச்சத்தைப் போன் தராது.

நோட்டு தோற்கும் இடம் தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு விற்பனைக் கணக்கு 11ஆம் தேதிக்குள், வரி கட்டும் படிவமான 3பி 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். இந்தத் தேதிகள் ஒரு மாதம் செவ்வாயில் விழும், அடுத்த மாதம் வெள்ளியில் விழும். வாரப் பக்கத்துக்கு அது தெரியாது. வரி கட்ட வேண்டியிருந்து 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வட்டி தனி. ஒரு தடவை முகூர்த்த நெருக்கடியில் எட்டு நாள் விட்டுவிட்டேன். பணம் பெரிதில்லை, ஆடிட்டர் ஆபீஸில் அந்தப் பையன் பார்த்த பார்வைதான் பெரிது.

இரண்டாவது, போன். இங்கேதான் ஆத்தங்குடி நண்பர் வருகிறார். அவர் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். பூக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குவார்கள். பிறகு காய வேண்டும், சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும், மறுபடி காய வேண்டும். அதில் கெட்டிக்காரத்தனம் செய்து ஒரு நாளைக்கூடத் திருட முடியாது. மழை வந்தால் அதுவும் கூடும். ஆகவே அவருக்கு ‘இந்த வாரம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த வாரம் கொடுக்கும் கல் போன வாரமோ அதற்கு முந்தியோ வார்த்தது. கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வார்க்கும் தேதியைப் போட வேண்டும். அதற்கு நோட்டு எதற்கு? கூகுள் காலண்டரும் ஒரு ஷீட்டும்தான் சரி.

அந்த ஷீட்டில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘சொன்ன நாள்’ என்று ஒரு வரிசை, பக்கத்திலேயே ‘கொடுத்த நாள்’ என்று இன்னொன்று. உளவியல் ஆய்வாளர்களான டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஒரு மனிதக் கோளாறுக்கு ‘பிளானிங் ஃபாலசி’ என்று பெயர் வைத்தார்கள். இதே மாதிரி வேலை முன்னால் எவ்வளவு இழுத்தது என்று தெரிந்திருந்தும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனசு கணக்குப் போடுமாம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வரிசை அதற்குக் கைமருந்து. பத்து நாள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இப்போது பதினாறு என்கிறார், பதினைந்தில் கொடுக்கிறார்.

எனக்கு அது ஒட்டவில்லை. காலண்டரைத் திறக்கப் போனவன் வாட்ஸப்பில் நாலு ஆர்டர் பேசிவிட்டு, எதற்குப் போனை எடுத்தோம் என்று முழிப்பேன். நினைவூட்டல் அடித்தால் ‘பிறகு’ என்று தட்டிவிடுவது கொசு அடிப்பதைவிடச் சுலபம். தேதிகளை மட்டும் போனில் விட்டுவிட்டு மற்றதைத் திரும்ப நோட்டுக்கே கொண்டுவந்தேன்.

மூன்றாவது, இன்னொருவருக்குக் கணக்கு அனுப்புவது. இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி (வட்டித் தொழில் நடக்கும் இடம்) வைத்திருந்த காலத்தில், அங்கே மேலாளாக, அதாவது ஏஜெண்டாகப் போனவர் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கடிதமும் ஐந்தொகையும் (வரவு செலவு, இருப்புக் கணக்கு) அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியடியாக, அதாவது எடுபிடியாகச் சேரும் பையன்கூட நாள்வழி (தினக்கணக்கு) எழுதித்தான் தொழில் படித்தான். இப்போது முகப்பில் மாட்டியிருக்கும் தேக்குச் சட்டப் படங்களைப் பார்த்து ‘அந்தக் காலத்து ஒழுக்கம்’ என்று பெருமூச்சு விடுகிறோம். எனக்கென்னவோ அது ஒழுக்கமாகத் தோன்றவில்லை. எழுதுவதை இன்னொருவர் படிப்பார், படித்துவிட்டுக் கேள்வி கேட்பார் என்ற ஏற்பாடுதான் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. என் நோட்டில் இல்லாமல் போனது அதுதான்.

எனக்கு முதலாளி கிடையாது. அம்மான், அதாவது தாய்மாமா இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், திருச்சியில் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். போன வாரம் என்ன செய்வதாகச் சொன்னேன், என்ன நடந்தது, எங்கே காசு போனது, அடுத்த வாரம் மூன்றே மூன்று வேலை. நாலாவது சொன்னால் அவர் ஏற்பதில்லை. ஞாயிறு காலையில் இரண்டு கேள்வி வரும். புத்திமதி சொல்ல மாட்டார், அதுவே பெரிய உபகாரம்.

இதிலும் பழுது உண்டு. முதல் மாதம் முழுக்க நல்ல சேதியாகவே அனுப்பினேன். ‘தம்பி, நீ சொல்றதப் பாத்தா உனக்கு எங்கிட்டப் பேச ஒண்ணுமே இல்லையேப்பா’ என்றார். அப்புறம்தான் கருகிப்போன ஈடு, வேலையை விட்டு நின்ற ஆள், வராத பாக்கியெல்லாம் வெளியே வந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் சிக்கல். அதே தொழில் செய்கிறவரிடம் சொன்னால் போட்டி வரும், கூடவே வேலை செய்யும் மனைவியிடம் சொன்னால் சண்டை வரும். தொழிலில் பங்கில்லாத, ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன், நண்பரின் இரண்டு வரிசையே போதும்.

எந்தக் கிழமை என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களைப் போன்ற பட்டறைகளில் சனிக்கிழமைதான் வாரக்கூலி. கல்லாவை எண்ணி, ஆளாளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கும்போது அந்த வாரம் தானாகவே கண்முன் வந்து நிற்கும். ஒரு நாள் தூங்கி எழுந்துவிட்டால் பாதி மறந்துபோகும், மீதியை மனசு மெழுகிவிடும். அதனால் திரும்பிப் பார்ப்பது சனி சாயங்காலம். திட்டம் போடுவதைத் திங்கள் காலைக்கு வைத்துக்கொண்டேன். ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம், எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் புது ஈடு ஏற்ற மாட்டார்கள். அடுப்பு சும்மா இருக்கும், எனக்கும் நோட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். நம்பிக்கை இல்லாதவர்களும் வாரத்தில் அப்படி ஒரு நேரத்தை ஒதுக்கிவைத்தால் நஷ்டமில்லை.

ஆத்தங்குடி நண்பர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். ‘அண்ணே, ஷீட்டு கேள்வி கேக்காது, அதான் எனக்கு நிம்மதி’ என்றார். அவருக்குச் சரிதான். கல் பதினைந்து நாள் பொறுக்கும், சீப்புச்சீடைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன ஞாயிறு அம்மானின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘டப்பா எத்தனை இருக்கு?’ எழுந்து உள்ளே போய் எண்ணிவிட்டு வந்தேன். 42.