எழுத்தைப் பெரிதாக்கு என்று யாரிடம் சொல்வது? லினக்ஸ் திரை விருப்பங்கள்: ஓர் ஒப்பீடு

லினக்ஸில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது, பெரிதாக்க என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் எக்ஸ்ரிசோர்சஸ் (.Xresources) என்ற பழைய அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார். இன்னொருவர் குனோம் டெஸ்க்டாப்பின் ஜிசெட்டிங்ஸ் கட்டளை ஒன்றைத் தருவார். மூன்றாமவர் கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் அமைப்புகளைத் திறக்கச் சொல்வார். நாலாமவர், எக்ஸ் என்ற பழைய திரை முறையை விட்டு வேலண்டு என்ற புதியதற்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பார். நான்குமே சரியான பதில்கள்தான். நான்குமே உங்கள் கணினியில் பலிக்காமலும் போகலாம். பயனரின் விருப்பத்தை யார் கையில் கொடுத்துவைப்பது என்பதில் ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வோர் எண்ணம்.

எந்தக் கோப்பு, என்ன வடிவம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது மூன்றுதான். வெளியேறி மீண்டும் நுழைந்தால் மாற்றம் நிலைக்கிறதா? ஏற்கெனவே திறந்திருக்கும் நிரலுக்கு அது போய்ச் சேருகிறதா? வேறு கணினிக்குப் போனால் கூடவே எடுத்துப்போக முடிகிறதா?

எக்ஸ் சர்வரிடமே கொடுத்துவைப்பது

எக்ஸ் சாளர முறை 1984-இல் எம்ஐடியில் தொடங்கியது. இன்றும் புழங்கும் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. நிரல் ஒரு கணினியில் ஓடும், திரை வேறொரு கணினியில் இருக்கும் என்ற நினைப்பில் கட்டப்பட்ட முறை அது. அதனால் விருப்பங்களையும் திரையிருக்கும் பக்கத்திலேயே, அதாவது திரையை ஆளும் எக்ஸ் சர்வரிடமே வைத்தார்கள். எக்ஸ்ஆர்டிபி என்ற சிறு நிரல் உங்கள் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பைப் படித்து, சர்வரின் வேர்ச் சாளரத்தில் (எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் இருப்பது) ரிசோர்ஸ்_மேனேஜர் என்ற பண்பாக ஒட்டிவைக்கும். நிரல் எந்த மூலையில் ஓடினாலும், திரையோடு இணையும்போது அதைப் படித்துக்கொள்ளும். தொலைவிலுள்ள கணினியில் உங்கள் கோப்பு ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த எந்த முறையும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

எழுத்தைப் பெரிதாக்க எக்ஸ்எஃப்டி.டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற மதிப்பை 96-இலிருந்து 120 ஆக்கினால் போதும், 25 சதவீதம் பெரிதாகும். கோப்பு சி மொழியின் முன்செயலி (கோப்பை முதலில் பதப்படுத்தித் தரும் நிரல்) வழியாகப் போவதால் நிபந்தனைகளும் எழுதலாம்: திரையின் அகலம், தெளிவு போன்றவற்றை எக்ஸ்ஆர்டிபியே மாறிகளாகத் தந்துவிடும், ஒரே கோப்பு இரண்டு கணினிக்கும் ஒத்துப்போகும். ஒன்று மட்டும் கவனம். கருத்து வரிக்கு இங்கே வியப்புக்குறி போட வேண்டும். ஷெல் கட்டளைகள் எழுதிய பழக்கத்தில் # போட்டால், முன்செயலி அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்.

குறை என்னவென்றால், பெரும்பாலான நிரல்கள் தொடங்கும்போது ஒரே ஒருமுறை படிப்பதோடு சரி. நீங்கள் 120 ஆக்கிய பிறகும் திறந்திருக்கும் டெர்மினல் பழைய அளவிலேயே நிற்கும். மூடித் திறந்தால்தான் மாறும்.

எக்ஸ்செட் என்ற கட்டளை இதற்கு நேர் எதிர். விசையை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு வேகமாகத் திரும்ப வர வேண்டும், திரை எப்போது அணைய வேண்டும், சுட்டி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதையெல்லாம் சர்வரிடம் நேராகச் சொல்லும். 300 மில்லிவினாடி தாமதம், வினாடிக்கு 30 எழுத்து என்று கொடுத்த மாத்திரத்தில் நடக்கும். ஆனால் வெளியேறினால் எல்லாம் போச்சு. யூஎஸ்பி விசைப்பலகையைக் கழற்றி மாட்டினாலே பழைய வேகம் திரும்பிவிடும். திரைகளை அடுக்கும் எக்ஸ்ராண்டரும் இப்படித்தான். சொன்னதை உடனே செய்யும், எதையும் நினைவில் வைக்காது. அதற்காகவே ஆட்டோராண்டர் போன்ற துணை நிரல்கள் வந்தன. எந்தத் திரை செருகப்பட்டிருக்கிறது என்று அடையாளம் பார்த்து, சேமித்த அமைப்பை அவை மீட்டுத் தரும்.

டிகான்ஃப்: மாறினால் உடனே தெரியும்

குனோம் 2 காலத்தில் ஜிகான்ஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்புக் காடு இருந்தது. 2011-இல் குனோம் 3 வந்தபோது அந்த இடத்தை ஜிசெட்டிங்ஸும் அதன் அடியில் இருக்கும் டிகான்ஃப் தரவுத்தளமும் பிடித்தன. எல்லாம் ஒரே இருமக் கோப்பில். படிக்கும் நிரல் அந்தக் கோப்பை நேராக நினைவகத்தில் விரித்துப் படிக்கும். எழுதுவது மட்டும் ஒரு சேவை வழியாக நடக்கும், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டிபஸ் மூலம் எல்லோருக்கும் அறிவிப்பு போகும். எழுத்து அளவுப் பெருக்கத்தை 1.25 ஆக்கினால் திறந்திருக்கும் சாளரங்கள் கண்ணெதிரே மாறும். இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

ஸ்கீமா என்ற வரையறையும் உண்டு. எழுத்துப் பெருக்கத்துக்கு 0.5 முதல் 3 வரைதான் என்று அதில் எழுதியிருக்கும், கைதவறி 12.5 என்று அடித்தால் மறுத்துவிடும். எக்ஸ்ரிசோர்சஸில் மதிப்பைத் தப்பாக எழுதினால் கேட்க நாதியில்லை. பல பேருக்குக் கணினி பராமரிப்பவர்கள் குறிப்பிட்ட விருப்பங்களைப் பூட்டியும் வைக்கலாம்.

இடறுவது மூன்றாவது கேள்வியில். இருமக் கோப்பை எடிட்டரில் திறக்க முடியாது, கிட் (git) என்ற பதிப்புக் கருவியில் போட்டால் என்ன மாறியது என்று தெரியாது. உரையாக இறக்கிக்கொள்ளக் கட்டளை இருக்கிறது. இறக்கிப் பார்த்தால் நீங்கள் யோசித்து மாற்றிய பத்து விருப்பங்களோடு, ஏதோ ஒரு நிரலின் சாளரம் கடைசியாக எந்த அளவில் இருந்தது என்பதும் கலந்து கிடக்கும். பொறுக்கி எடுக்க வேண்டியது உங்கள் பாடு. திரைகளின் அடுக்கும் அளவும் இதில் சேராது. அது மானிட்டர்ஸ் என்ற தனி எக்ஸ்எம்எல் கோப்பு. நுழைவுத் திரை வேறொரு பயனரின் பெயரில் ஓடுவதால் அந்தக் கோப்பை அது பார்க்காது. உள்ளே எல்லாம் பெரிதாகவும் கடவுச்சொல் பெட்டி மட்டும் குட்டியாகவும் தெரிவது இதனால்தான்.

டிகான்ஃபைப் படிக்கத் தெரியாத எக்ஸ் நிரல்களுக்கு யார் சொல்வது? அதற்கு எக்ஸ்செட்டிங்ஸ் என்று ஒரு நெறிமுறை உண்டு. ஒரு திரைக்கு ஒரே ஒரு மேலாளர். அவர் தோற்றம், எழுத்துரு, டிபிஐ எல்லாவற்றையும் சர்வரில் அறிவித்துக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் காதில் வாங்கிக்கொள்வார்கள். குனோமிலும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பிலும் அந்த ஆள் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுவார். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற மெலிந்த சாளர மேலாளர்களில் அந்த நாற்காலி காலி. அங்கே தோற்றம் மாற மாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது எக்ஸ்செட்டிங்ஸ்டி என்ற சின்ன நிரல் மட்டும்தான்.

கேடிஇ: திறந்து படிக்கலாம்

கேடிஇ எல்லாவற்றையும் சாதாரண உரைக் கோப்புகளில் வைக்கிறது. கேடிஇகுளோபல்ஸ், கேவின்ஆர்சி என்று ஆளுக்கொரு கோப்பு. இயல்பு மதிப்பிலிருந்து மாறியவை மட்டுமே அதில் இருக்கும் என்பதால் படிக்கவும் பிரதி எடுக்கவும் சுகம். புதுக் கணினிக்குக் குடிபோவதற்கு டிகான்ஃபைவிட இது எனக்குப் பிடிக்கும். ஆனால் எந்த விருப்பம் எந்தக் கோப்பில் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். கையால் திருத்தினால் ஓடும் நிரல்களுக்குத் தெரியாது. அறிவிப்பும் சேர்த்து அனுப்பும் கட்டளை வழியாக எழுத வேண்டும். குனோமின் வரைகலை நூலகமான ஜிடிகே (GTK) கொண்டு எழுதிய நிரல்களுக்காகக் கேடிஇ-யே பின்னால் எக்ஸ்செட்டிங்ஸ்டியை ஓட்டுகிறது என்பது ஒரு வேடிக்கை.

வேலண்டு: திரைக்கொரு அளவு

எக்ஸின் டிபிஐ மொத்தத் திரைப்பரப்புக்கும் ஒன்றுதான். அடர்த்தியான மடிக்கணினித் திரையும் பழைய வெளித் திரையும் பக்கத்தில் இருந்தால், ஒன்றில் எழுத்து எறும்பு, இன்னொன்றில் யானை. வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு. சாளரத்தை இழுத்துப் போனால் அந்தத் திரையின் அளவுக்கு மாறிக்கொள்ளும். 1.25, 1.5 போன்ற பின்ன அளவுகளுக்கான நெறிமுறை 2022-இல்தான் சேர்ந்தது. இரண்டு விதத் திரை வைத்திருப்பவருக்கு மற்ற வாதங்களே தேவையில்லை, இதற்கு வந்துவிடலாம்.

விலையும் உண்டு. இங்கே திரையை ஆள்வது கம்போசிட்டர், அதாவது சாளரங்களைச் சேர்த்துக் காட்டும் நிரல். எக்ஸ்செட்டும் எக்ஸ்ராண்டரும் பழைய எக்ஸ் நிரல்களுக்காக வேலண்டுக்குள் ஓடும் எக்ஸ்வேலண்டோடு பேசிவிட்டுத் திரும்பும், நிஜத் திரையில் ஒன்றும் நடக்காது. ஸ்வே என்ற கம்போசிட்டரில் எல்லாம் ஒரே உரைக் கோப்பில், திருத்தி மறுபடி ஏற்றினால் போதும், அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்வேயில் எழுதியது குனோமுக்குப் புரியாது, குனோமில் வைத்தது கேடிஇ-க்குப் புரியாது. பழைய எக்ஸ் நிரல்கள் பெரிதாக்கும்போது மங்கலாகத் தெரிவது தனிக் கதை.

எல்லோருக்கும் பொதுவான இடம் என்று இப்போது இருப்பது எக்ஸ்டிஜி போர்ட்டல் என்ற இடைநிலைச் சேவை. இருள் தோற்றம் வேண்டுமா என்று நிரல் கேட்டால் 0, 1, 2 என்று பதில் தரும்: விருப்பம் சொல்லவில்லை, இருள், வெளிச்சம். மாறினால் அறிவிக்கும். அந்த விருப்பத்தை நிரல் மாற்ற முடியாது, கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லா டெஸ்க்டாப்பும் ஒத்துக்கொண்ட விருப்பங்கள் அதில் கொஞ்சம்தான்.

கலந்தடிக்கும் முன்

நான்கு ஆலோசனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்ப்பதுதான் மோசமான வழி. எழுத்துப் பெருக்கம் 1.25, அதன்மேல் ஜிடிகே_டிபிஐ_ஸ்கேல் (GDK_DPI_SCALE) என்ற சூழல் மாறியும் 1.25 என்றால், இரண்டும் பெருகி ஜிடிகே 3 நிரல்களில் எழுத்து 1.56 மடங்காகும். மற்ற நிரல்கள் வேறு அளவில் நிற்கும். எக்ஸின் மேல் ஓடும் குனோமில் நீங்கள் எக்ஸ்ரிசோர்சஸில் எழுதிய 120-ம் நிற்காது. குனோமின் அமைப்புச் சேவை அதே எக்ஸ்எஃப்டி.டிபிஐ மதிப்பைத் தன் கணக்கில் திரும்ப எழுதிவிடும். முதலில் எக்ஸ்ஆர்டிபியிடம் -query என்று கேட்டு, சர்வரில் இப்போது உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதாத எண் அங்கே இருந்தால், எழுதியவர் யாரோ அவரிடமே போய் மாற்றச் சொல்ல வேண்டும்.