ஆணி ஏறிய பின் எண்பது கிலோமீட்டர்: ரன்-ஃபிளாட் டயருடன் நான்கு ஆண்டுகள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், ஓடிய தூரத்தைப் பார்ப்பார்கள், ஆனால் டிக்கியின் அடிவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விரிப்பைத் தூக்கியபோதுதான், ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரியும் கொஞ்சம் காலியிடமும் மட்டுமே இருப்பது தெரிந்தது. விற்றவரைக் கேட்டேன். "இது ரன்-ஃபிளாட் சார், ஸ்டெப்னியே தேவையில்லை" என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகளும், நம்பாமல் இரண்டு ஆண்டுகளும் அதே காரை ஓட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கார் எது, டயர் யாருடையது என்பதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். ஆணி எந்த நிறுவனத்தின் டயரிலும் ஏறும்.

சாதாரண டியூப்லெஸ் டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. காற்று போய்விட்டால் மெல்லிய பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் நசுங்கி, சில நூறு மீட்டருக்குள் கிழிந்துவிடும். ரன்-ஃபிளாட் டயரில் அந்தப் பக்கச்சுவருக்குள் கூடுதலாகத் தடித்த ரப்பரை வைத்து வலுவூட்டியிருப்பார்கள். காற்று முழுவதும் இறங்கினாலும் அந்தச் சுவரே தூண்போல நின்று எடையைத் தாங்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரும் வாக்குறுதி, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் என்பதாகும். பக்கச்சுவரில் பிரிட்ஜ்ஸ்டோன் இதை ஆர்.எஃப்.டி. என்றும், மிஷெலின் இசட்.பி. என்றும், கான்டினென்டல் எஸ்.எஸ்.ஆர். என்றும் குறிக்கின்றன. பழைய வண்டி பார்க்கப் போகும்போது இந்த எழுத்துகளைத் தேடுங்கள். நான்கு டயரில் இரண்டில் மட்டும் அவை இருந்தால், முந்தைய உரிமையாளர் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பொருள். இரண்டு வகையையும் கலந்து ஓட்டுவது நல்லதல்ல.

எனக்குச் சோதனை வந்தது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு போன ஒரு பயணத்தில். இரவு பத்து மணிக்கு மேல், சாத்தூரைத் தாண்டிய சிறிது நேரத்தில், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, சத்தமும் இல்லை. அந்த விளக்கு இல்லாவிட்டால் டயரில் காற்றில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ரன்-ஃபிளாட் டயரோடு காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பின்னிருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் சீறிச்செல்லும் இருட்டுச் சாலையின் ஓரத்தில் அவர்களை இறக்கி நிறுத்த வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக இந்த டயரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

கோவில்பட்டி பக்கத்தில் இருந்தது, திருநெல்வேலி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டரில். பெரிய ஊர், பெரிய கடை என்று கணக்குப் போட்டு, ஐம்பது, ஐம்பத்தைந்து வேகத்தில் ஒன்றரை மணி நேரம் உருட்டித் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தேன். இந்தக் கணக்கு தவறு என்பது மறுநாள் காலைதான் விளங்கியது.

டயர் கடைக்காரர் இயந்திரத்தில் டயரைக் கழற்றவே பெரும்பாடு பட்டார். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால், துணைக்கை வைத்த இயந்திரம் இல்லாத கடைகளில் இதை ரிம்மிலிருந்து பிரிப்பதே சிரமம். கழற்றியதும் டயரைச் சாய்த்துத் தட்டினார். உள்ளிருந்து மிளகுப்பொடிபோலக் கறுப்பு ரப்பர்த்தூள் ஒரு கைப்பிடி அளவு கொட்டியது. உள்சுவரைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு வளையம் தேய்ந்து, நூலிழை தெரியும் நிலையில் இருந்தது. சாலையில் படும் டிரெட் பகுதியில் ஏறியிருந்ததோ ஒன்றரை அங்குல ஆணி, அதுவும் நட்ட நடுவில். சாதாரண டயராக இருந்து, உடனே நிறுத்தியிருந்தால், அரை மணி நேர வேலை. "ஒட்டணும்னா ஒட்டிரலாம் ஸார். ஆனா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க, நான் ஒட்ட மாட்டேன்" என்றார். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட் டயரைப் பழுதுபார்க்க வேண்டாம் என்றே பல தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள். சுவரின் உள்ளே எவ்வளவு சேதம் என்பதை வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது.

அதே அளவில், அதே வகையில் ஒரு டயர் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. மதுரையில் விசாரித்தார்கள், அங்கும் இல்லை. சென்னையிலிருந்து பார்சலில் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். குடும்பம் பேருந்தில் கன்னியாகுமரி போய்ச் சூரிய உதயம் பார்த்துத் திரும்பியது. நான் விடுதி அறையில் பார்சல் சர்வீஸின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்தேன்.

என் மதிப்பீட்டின் மையம் இதுதான். ரன்-ஃபிளாட் டயர் "இந்த இடத்தை விட்டு எப்படிப் போவது" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. "பயணத்தை எப்படி முடிப்பது" என்ற கேள்வியை அது தொடுவதில்லை. நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றே, எண்பது கிலோமீட்டருக்குள் அவருடைய வழக்கமான கடை வந்துவிடும். நெடுஞ்சாலையில் அப்படியல்ல. திருச்சிக்கும் மதுரைக்கும் இடையில் சுமார் 135 கிலோமீட்டர், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் சுமார் 160. ஏதோ ஒரு பெரிய ஊருக்குப் போய்விடலாம் என்பது உண்மைதான், ஆனால் போய்ச் சேர்ந்த ஊரில் உங்கள் டயர் இருக்க வேண்டுமே.

அன்றாட ஓட்டத்திலும் இந்த டயரிடம் எனக்குக் குறை உண்டு. விறைப்பான சுவர் வளைந்து கொடுக்காததால், ஒவ்வொரு வேகத்தடையும் பாலத்து இணைப்பும் முதுகில் வந்து இடிக்கும். குழியில் இறங்கினால் அடியை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்குத் தள்ளிவிடும். என் அலாய் ரிம் ஒன்றில் மயிரிழை விரிசல் விழுந்து பற்றவைக்க வேண்டியிருந்தது. எடையும் கூடுதல். விலை, எனக்குச் சொல்லப்பட்ட கணக்குப்படி, அதே அளவுள்ள சாதாரண டயரைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பக்கச்சுவரே வெட்டுப்பட்டாலோ ரன்-ஃபிளாட்டாலும் பயனில்லை, நம் சாலையோர ஜல்லிகள் வெட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

டயர்கள் தேய்ந்ததும் நான்கையும் சாதாரண டியூப்லெஸ்ஸாக மாற்றினேன். அளவு, சுமைக்குறியீடு, வேகக்குறியீடு மூன்றையும் பழையபடியே வைத்துக்கொண்டேன். வண்டியின் சஸ்பென்ஷன் ரன்-ஃபிளாட்டுக்கென்றே அமைக்கப்பட்டது, மாற்றினால் திருப்பங்களில் தளர்வாக இருக்கும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். முதல் வாரம் ஸ்டியரிங் சற்று மெத்தென்று தோன்றியது உண்மை. அதன் பிறகு தெரிந்ததெல்லாம் அமைதி மட்டுமே. காற்றழுத்தக் கண்காணிப்பை மறக்காமல் மீளமைக்க வேண்டும். என் வண்டியில் இருப்பது சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு ஊகிக்கும் வகை, ஆகவே புது டயரை அதற்கு அறிமுகப்படுத்தாவிட்டால் பொய்யாக எச்சரிக்கும்.

ஸ்டெப்னிதான் பெரிய தலைவலி. குறுகலான தற்காலிகச் சக்கரம் ஒன்றைத் தேடி வாங்கினேன். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் நடுத்துளையும் பொருந்தினால் மட்டும் போதாது, முன்பக்க பிரேக் காலிப்பரை உரசாமல் சுற்றவும் வேண்டும், அதை மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். இது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத சக்கரம். சட்டப்படி எனக்கு இது கட்டாயமில்லை. காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் சரிசெய்யும் பெட்டியும் உள்ள, டியூப்லெஸ் டயர் பொருத்திய, 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. சட்டம் விட்டாலும் திருநெல்வேலி அனுபவம் விடவில்லை.

மாற்றிய பிறகு ஒரு முறை பஞ்சரானது, திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், துவரங்குறிச்சிக்கு அருகே. விளக்கு எரிந்ததும் நிறுத்தினேன். 12 வோல்ட் கம்ப்ரசரால் காற்றை ஏற்றிக்கொண்டு மெதுவாகச் சென்றேன். இரண்டு கிலோமீட்டருக்குள் புளியமரத்துக் கிளையில் பழைய டயர் தொங்கியது, அதில் சுண்ணாம்பால் "பஞ்சர்" என்று எழுதியிருந்தது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கச் சொல்லி, சோப்புத்தண்ணீரைக் கையால் தடவினார். ஒரு இடத்தில் நுரை கொப்பளித்தது. குறட்டால் திருகாணியை உருவி, டி வடிவக் கைப்பிடியுள்ள அரத்தூசியை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து முறை குடைந்து, பிசினில் தோய்ந்த பழுப்பு நிறத் திரியை ஊசிக்காதில் கோத்து அழுத்தி, சட்டென்று உருவினார். திரியின் இரு முனையும் வெளியே நிற்க, பிளேடால் நறுக்கிவிட்டு, ஓட்டையின் மேல் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தார், குமிழி இல்லை. 33 பி.எஸ்.ஐ. காற்று. நூற்றைம்பது ரூபாய். நான் வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வெளியிலிருந்து செருகிய திரியை நிரந்தரமாக நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டேன். ஓட்டை டயரின் தோள்பட்டையிலோ, அதாவது டிரெட்டும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பிலோ, பக்கச்சுவரிலோ இருந்தால் திரியும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம், டயரை மாற்றிவிடுவதே சரி. பஞ்சர் சரிசெய்யும் பெட்டியோடு வரும், துளையை அடைக்கும் திரவத்தை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். அது சிறு துளைகளை மட்டுமே அடைக்கும், காலாவதித் தேதி உண்டு, பிறகு டயரைப் பிரிப்பவர் அந்தப் பிசுபிசுப்பைக் கழுவும்போது உங்களை வாழ்த்த மாட்டார்.

ரன்-ஃபிளாட்டை யாருக்கு வேண்டாம் என்பேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரவில் தனியாக ஓட்டும் பெண்கள், ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்ற உடல் இடங்கொடாத முதியவர்கள், ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு அது தரும் 80 கிலோமீட்டர் விலைமதிப்புள்ளது. அவர்களுக்கு ஒரே ஒரு ஆலோசனை: அந்த 80-ஐ முழுதாகச் செலவழிக்காதீர்கள். நான் அன்று கோவில்பட்டியிலேயே நிறுத்தியிருந்தால், ஒருவேளை அந்த டயர் பிழைத்திருக்கும்.

ஸ்டெப்னி என்ற பெயர், வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற கடையிலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்ட சொல்லை நாம் இன்னும் விடவில்லை. என் ஸ்டெப்னி இப்போது டிக்கியில் பட்டைக்கயிற்றால் கட்டப்பட்டு, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. என் தாயாரின் பெட்டி பின்னிருக்கைக்கு வந்துவிட்டது, ஒவ்வொரு பயணத்திலும் அதைப் பற்றி அவர் ஒரு முறையாவது சொல்லத் தவறுவதில்லை.