சப்ளை பின்: மறைப்பதா, தனிப் பகுதியா?

நாகர்கோவிலில் எங்கள் பட்டறையில் எல்எம்324 என்ற ஐசிக்கு, சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேடில் சிம்பல் வரையும்போது இந்தக் கேள்வி வரும். அதற்குள் நான்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று); சிம்பலில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நான்கு பகுதி. சரி, நான்குக்கும் பொதுவாக மின்சாரம் தரும் 4, 11 என்ற சப்ளை பின்களை எங்கே வைப்பது?

மறைத்தால் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் மறைந்த பவர் இன்புட் பின், தன் பெயருள்ள நெட்டோடு (ஒன்றாக இணைந்த இணைப்புகளின் தொகுப்பு) தானாகவே சேர்ந்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஒன்றுக்கு வரைந்த போர்டில், 12 வோல்ட் போக வேண்டிய 4-ஆம் பின்னுக்கு விசிசி என்று, சப்ளைக்கு வழக்கமாக வைக்கும் பெயரையே வைத்திருந்தேன். அது அதே பெயருள்ள 5 வோல்ட் நெட்டில் போய் ஒட்டிக்கொண்டது. படத்தில் கோடே இல்லை, எப்படிக் கண்ணில் படும்? ஒரு நாள் முழுக்க மல்டிமீட்டரோடு தேடினேன்.

இப்போது அந்த இரண்டு பின்களையும் ஐந்தாவது பகுதியாகத் தனியே வைக்கிறேன். பக்கத்திலேயே சப்ளையைச் சீராக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரையும் வரைந்துவிடலாம். அந்தப் பகுதியைப் போட மறந்தால் கிகேடின் பிழைச் சோதனையான ஈஆர்சி சொல்லிவிடும்.