சோற்றைக் குறைத்து இரண்டு வருடம்: நாலு மணிப் பஜ்ஜியும் நானும்

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுவது என் வேலை. காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 7 வரை நாற்காலிதான். ஆபீஸ் மாடியில் இருக்கிறது. கீழே படிக்கட்டை ஒட்டி ஒரு பஜ்ஜிக் கடை. நாலு மணிக்கு எண்ணெய் காயும் வாசம் ஜன்னல் வழியாக மேலே வரும். நாலே காலுக்கு முதல் ஈடு வாழைக்காய் எடுப்பார்கள். அந்த நேரத்தில் என் கண் ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கும், மனசு படிக்கட்டில் பாதி இறங்கியிருக்கும்.

பசி என்று இதைச் சொல்ல முடியாது. ஒன்றரை மணிக்குத்தான் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சாதம் போட்டுச் சாப்பிட்டிருப்பேன். வாய் நமநமவென்று இருக்கும், அவ்வளவுதான். நாலு பஜ்ஜி, ஒரு காபி. வீட்டுக்குப் போனதும் மிக்சர் டப்பா. ராத்திரி இட்லி முடிந்ததும் ஏதாவது இனிப்பாக ஒரு துண்டு இருந்தால் தேவலை என்று தோன்றும். இப்படியே பல வருடம் ஓடியது.

2024 பொங்கலுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 236. எடை 81.6 கிலோ, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், மாவுச்சத்தைக் குறைத்து ஆறு மாதம் பாருங்கள் என்றார் டாக்டர். பொங்கலைச் சாப்பிட்டு முடித்துவிட்டு ஜனவரி 20-ஆம் தேதி ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது, அறுநூறு ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கியது. நான் மத்தியானம் சாப்பிடும் சாதத்துக்கு எவ்வளவு அரிசி போடுகிறேன் என்று நிறுத்துப் பார்த்தேன். 160 கிராம். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து மட்டும் 78 கிராம் அளவுக்கு இருக்கிறது. அப்படியென்றால் ஒரு வேளைக்கே 125 கிராம். அப்புறம் காபிக் கணக்கு. ஒரு நாளைக்கு நாலு காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன் ஜீனி. ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 32 கிராம், வருடத்துக்கு 11 கிலோவுக்கு மேல். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

ஒரு நாளைக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே 20, 30 என்று போகிற கீட்டோ எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. காலையில் மூன்று முட்டை, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு. மத்தியானம் கீரை மசியல், புடலங்காயோ கோவைக்காயோ அவரையோ ஒரு தட்டுப் பொரியல், மீன் அல்லது கோழி, ஒரு கிண்ணம் தயிர். ராத்திரி பன்னீர் அல்லது காளான், இல்லையென்றால் முருங்கைக்கீரை சூப்பும் இரண்டு முட்டையும். காபி ஜீனி இல்லாமல். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு ஜீனி இல்லாத காபி குடிப்பது முதல் பத்து நாள் தண்டனைதான். பதினோராம் நாள் என்ன ஆனதோ, பாலிலேயே ஒரு தித்திப்பு இருப்பது நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது.

முதல் வாரத்தில் 2.7 கிலோ இறங்கியது. தலைகால் புரியவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் தின்கிற மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் ஒட்டியிருக்கும். சாதத்தை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சேர்ந்து போகிறது. முதல் வார எடையைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லாதீர்கள், இரண்டாம் வாரம் 400 கிராம்தான் இறங்கும்.

நாலாம் நாள் தலைவலி பிடித்துக்கொண்டது. கால் குடைச்சல், எழுந்தால் கிறுகிறுப்பு. மாமியார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"ஏம்மா, ஒரு கரண்டி சாதமாவது போட்டுக்கயேன். சாதம் திங்காத உடம்பு என்னத்துக்கு ஆகும்? புதுசு புதுசா எதையாவது பண்ணிக்கிட்டு!"

"ரெண்டு நாள் பாக்கறேன் அத்தை."

புதுசு என்றதற்குத்தான் பதில் சொல்லவில்லை. 1863-லேயே லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற, சவ அடக்கத் தொழில் செய்த ஒருவர், டாக்டர் சொன்னபடி ரொட்டி, ஜீனி, பீர், உருளைக்கிழங்கை விட்டு உடம்பு இளைத்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். அத்தையிடம் போய் பான்டிங் என்றால் எடுபடுமா?

தலைவலிக்குக் காரணம் சாதம் இல்லாதது அல்ல, உப்பு இல்லாதது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும், அப்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியே தள்ளும். காலையிலும் மாலையிலும் உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடித்தேன். மறுநாள் மத்தியானம் தலை லேசாகிவிட்டது. (ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை அப்படியே செய்துவிடக் கூடாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) மலச்சிக்கல் மட்டும் மூன்று வாரம் படுத்தியது. கீரையையும் அவரைக்காயையும் இரண்டு மடங்காக்கிய பிறகுதான் சரியானது.

நாலு மணி விஷயத்துக்கு வருகிறேன், நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து மேஜைத் தம்பி, "அக்கா, கீழ போயிட்டு வரேன், உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டான். மணியைப் பார்த்தேன், நாலு முப்பத்தைந்து. பஜ்ஜி வாசம் வந்து போயிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. வேண்டாம் என்று அடக்கிக்கொண்டிருந்தால் பெருமைப்படலாம். இது அப்படி இல்லை, ஞாபகமே வரவில்லை.

பிறகு ஒரு மாதம் இதையே சோதித்துப் பார்த்தேன். காலையில் முட்டை சாப்பிட்ட நாளில் நாலு மணிக்கு ஒன்றும் ஆகாது. அவசரத்தில் நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்பிய நாளில், மத்தியானம் பொரியலும் மீனும்தான் என்றாலும், நாலு மணிக்கு வாய் எதையோ தேடும். எனக்கு நடந்தது இது, எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். புரதம் வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப்போடும் என்பது தெரிந்த சங்கதிதான். அது காலையிலிருந்து சாயங்காலம்வரை கை நீட்டும் என்று நான் நினைத்ததில்லை.

இனி பிடிக்காதவை. காலிஃப்ளவரைத் துருவிச் சாதம் போலச் செய்வார்களே, அது சாம்பாருக்கு உதவாது. பருப்புத் தண்ணீரில் காலிஃப்ளவர் ஊறி, முட்டைக்கோஸ் அவித்த பாத்திரத்தைத் திறந்த வாசம் அடிக்கும். வற்றல் குழம்பும் நல்லெண்ணெயும் என்றால் பரவாயில்லை. பாதாம் இன்னொரு பொறி. பேலியோ என்ற உணவுமுறைக்காரர்கள் காலை உணவாக எண்ணிச் சாப்பிடுகிறார்கள். நான் எண்ணாமல் நொறுக்குத்தீனியாகச் சாப்பிட்டேன். மாவுச்சத்து குறைவுதான், ஆனால் நூறு கிராம் பாதாமில் 580 கலோரி. மே, ஜூன் இரண்டு மாதமும் எடை 74-இலேயே ஆணி அடித்தாற்போல நின்றதற்கு அந்த டப்பாதான் காரணம். டப்பாவை எடுத்து மகனுக்குக் கொடுத்ததும் எடை நகர்ந்தது. சிறுதானியமும் அப்படித்தான். தினை, சாமையில் அரிசியைவிட நார்ச்சத்து கூட என்பது உண்மை, அதற்காக அது லோ கார்ப், அதாவது மாவுச்சத்து குறைந்த உணவு, ஆகிவிடாது. சப்பாத்தியும் ஆகாது. "சோறு வேண்டாம், மூணு சப்பாத்தி போடு" என்கிறவர்களிடம் என் தராசைக் கொடுக்கத் தோன்றும்.

நாலாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. குளியலறைச் சல்லடையைப் பார்த்து அழுதிருக்கிறேன். எடை வேகமாக இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், தானே நிற்கும் என்றார் டாக்டர். நின்றது, ஆனால் அதற்கு ஐந்து மாதம் ஆனது.

ஜூலையில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை 5.6. டிரைகிளிசரைடு 118. சந்தோஷத்தோடு அடுத்த வரியைப் பார்த்தால், கெட்ட கொழுப்பு 124 இருந்தது 168 ஆகியிருந்தது. நெய்யும் தேங்காய் எண்ணெயும் கணக்கில்லாமல் ஊற்றிய பலன். லோ கார்ப் என்றால் கொழுப்பு பற்றிக் கவலையே வேண்டாம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். என் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் துணிச்சல் இல்லை. நெய்யை ஒரு ஸ்பூனோடு நிறுத்தி, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வாரம் மூன்று நாள் மத்தி மீன் என்று மாற்றினேன். அடுத்த பரிசோதனையில் 137.

இதற்கு நடுவில் ஒரு ராத்திரி நடந்ததை எழுதியே ஆகவேண்டும். என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை மாத்திரை சாப்பிடுகிறார். என்னைப் பார்த்து அவரும் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் சாதத்தை நிறுத்தியிருக்கிறார், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு. இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பினார். பனியன் முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது. சர்க்கரை மீட்டரில் 62, ரொம்பத் தாழ்ந்துவிட்டது. ஜீனி கரைத்துக் கொடுக்கலாம் என்று போனால், என் கண்ணில் படக்கூடாது என்று டப்பாவை நானே பரணில் ஏற்றியிருந்தேன். மகன் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தான். மறுநாள் டாக்டர் சத்தம் போட்டுவிட்டு மாத்திரை அளவைக் குறைத்தார். இன்சுலின் ஊசியோ இந்த வகை மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றில் கை வைக்காதீர்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகளில் வேறு ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அனுபவப் பகிர்வைப் படித்துவிட்டு ஆரம்பிக்கக் கூடாது. டப்பா இப்போது அடுப்பங்கரை மேடையில்தான் இருக்கிறது.

புரட்டாசிதான் பெரிய பரீட்சை என்று பயந்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட உள்ளே வராது. பன்னீர், தயிர், காளான் என்று இரண்டு வாரம் ஓட்டினேன், நாக்கு செத்துவிட்டது. அதற்குள் நவராத்திரி வந்தது, ஒன்பது நாளும் ஒன்பது வீட்டுச் சுண்டல். கொண்டைக்கடலையில் மாவுச்சத்து கொஞ்சநஞ்சம் இல்லை. வாங்கிய சுண்டலை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. தினமும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். எடை ஏறவில்லை, வாய் நமநமப்பும் வரவில்லை. அதிலிருந்து பயறு, சுண்டல் இரண்டையும் உள்ளே சேர்த்துக்கொண்டேன், 60 என்ற எண்ணை 100 ஆக்கினேன். நவம்பரில் எடை 69.4. நான் தொட்ட குறைந்தபட்சம் அதுதான்.

2025 வைகாசியில் நாத்தனார் மகள் கல்யாணம். மூன்று நாள்தானே என்று இலையில் விழுந்ததை எல்லாம் சாப்பிட்டேன். அதில் தப்பே இல்லை, இப்போதும் அப்படித்தான் சாப்பிடுவேன். தப்பு நாலாம் நாள் காலையில், ஜீனி போட்ட காபியில் ஆரம்பித்தது. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொண்டுவந்தார்கள், நானும் குடித்தேன். அந்த வாரமே நாலே கால் மணி திரும்பி வந்துவிட்டது. மீந்த அதிரசம், முறுக்கு, காலையில் இட்லி. இரண்டு மாதத்தில் 74.1. ஆவணியில் மறுபடி முட்டைக்கு வந்தபோது முதல் தடவை போல வேகமாக இறங்கவில்லை. இன்று காலை 71.8.

ஆக இரண்டு வருடத்தில் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு லோ கார்ப்தான் ஒரே வழியா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் ஒரு வருடம் குறைத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. சராசரியாக முதல் குழு 5.3 கிலோ, இரண்டாம் குழு 6 கிலோ. சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. எண்ணெயைக் குறைத்துச் சாதத்தை அளந்து சாப்பிட்டு இளைத்தவர்களும் என் ஆபீசிலேயே இருக்கிறார்கள். எனக்கு இது ஒத்துப்போனதற்குக் காரணம் எடை அல்ல, வாய்.

செலவு கூடும். முட்டை, மீன், பன்னீர், காய் எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் மாதம் 2,500 ரூபாய் போல ஏறியது. பஜ்ஜி, மிக்சர், பிஸ்கட்டில் மிச்சமானது ஒரு 900 இருக்கும்.

இப்போதைய ஏற்பாடு: காலையில் முட்டை, அதில் பேச்சே இல்லை. மத்தியானம் 50 கிராம் அரிசிச் சாதம், அதுவும் ரசத்துக்கு மட்டும். அத்தைக்கு அதிலேயே பாதி மனசு ஆறிவிட்டது. பொரியலை இரண்டு வாணலியில் செய்யப் பழகிவிட்டார், சின்னது எனக்கு, உருளைக்கிழங்கு போட்டது மற்றவர்களுக்கு. ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் நாலே காலுக்கு நானே கீழே இறங்குவேன். முதல் ஈட்டில் இரண்டு வாழைக்காய், தேங்காய்ச் சட்னி, ஜீனி இல்லாத காபி. கடைக்காரர் இன்னமும் நாலாக எடுத்துத்தான் பேப்பரில் வைக்கிறார், இரண்டைத் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.