ரூட் கெனாலா, பல்லைப் புடுங்கிடலாமா?

கடவாப்பல்லு சொத்தையாகி ராத்திரி தூங்காதவங்க எல்லாரும் கேக்கறதுதான் இது. ரூட் கெனால்னா பல்லைப் புடுங்காம, உள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்துட்டு அடைக்கறது.

செலவு: புடுங்கறது சீப், ரூட் கெனால், அந்தப் பல்லு மேல மாட்டற உறையான கேப் ரெண்டும் சேந்தா சில ஆயிரம் ஆகும். ஆனா புடுங்கின இடத்தை அப்படியே விட்டா பக்கத்துப் பல்லு சாயும், எதிர்ப்பல்லு இறங்கும், அப்புறம் தாடை எலும்புல பதிக்கற செயற்கைப் பல்லு, அதாவது இம்ப்ளான்ட்னு போனா அது இன்னும் ஜாஸ்தி.

சிரமம்: புடுங்கறது பெரும்பாலும் ஒரே சிட்டிங், ரூட் கெனாலுக்கு ரெண்டு மூணு தடவை கூட போக வேண்டி வரலாம். ஊசி போட்டு மரத்துப்போனதால எனக்குப் பல்லு வலிக்கல, வாயைத் தொறந்தே வெச்சிருந்து தாடைதான் வலிச்சுது.

உழைப்பு: கேப் போட்டா பல வருஷம் வரும். எங்க மாமா கேப் வேணாம்னுட்டு முறுக்கைக் கடிச்சாரு, பல்லு ரெண்டா பொளந்துடுச்சு.

வேர் கெட்டியா இருந்தா ரூட் கெனால். வேர் வரைக்கும் பொளந்திருந்தாலோ, தொந்தரவு குடுக்கற ஞானப்பல்லா இருந்தாலோ புடுங்கிடுங்க.