கிறிஸ்துமஸ் சீசனில் தீம் பார்க்: எந்த நாள், எந்த நேரம், எந்த வரிசை?

குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: போவது சவாரிக்காகவா, அலங்காரத்துக்காகவா? இரண்டும் ஒரே நாளில் முழுதாகக் கிடைப்பது அரிது. இதை முடிவு செய்யாமல் டிக்கெட் எடுத்தால், வரிசையில் நின்றபடி பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதிலேயே பொழுது போய்விடும்.

டிசம்பர் முற்பாதியா, கடைசி வாரமா?

கூட்டத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வார நாட்களில் பூங்கா காற்றோட்டமாக இருக்கும். 26 முதல் 31 வரை ஆண்டின் உச்சக் கூட்டம். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் போன்ற பெரிய பூங்காவே இந்த வாரத்தில் நிரம்பி, வாசலில் ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு.

ஆனால் முற்பாதியில் ஒரு பொறி இருக்கிறது. அதே மேஜிக் கிங்டமில் நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்புவரை பல இரவுகளில் தனி டிக்கெட்டில் கிறிஸ்துமஸ் விழா நடக்கும். அன்று பகல் டிக்கெட்காரர்கள் மாலை 6 மணியோடு வெளியேற வேண்டும். விழா இரவு 7 முதல் 12 வரை. அந்த டிக்கெட் வைத்திருப்பவர்கள் மாலை 4 மணிக்கே உள்ளே வரலாம். கிறிஸ்துமஸ் ஊர்வலமும் விழாக்காரர்களுக்குத்தான். விழா இரவுகள் முடிந்த பிறகு, கூட்டம் நெரியும் அந்தக் கடைசி வாரத்தில், அதே ஊர்வலத்தைச் சாதாரண டிக்கெட்டிலேயே பார்க்கலாம். விழா நாளின் பகல் பொழுதுக்கு வேறொரு மதிப்பு உண்டு. மாலையில் கிளப்பிவிடுவார்கள் என்று பலர் அந்த நாளைத் தவிர்ப்பதால் வரிசை குறையும். சவாரி மட்டும் போதும் என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை அந்த நாள்தான்.

24, 25 தேதிகளில் பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் பயணத்தை உறுதி செய்யாதீர்கள். கோபன்ஹேகனின் டிவோலி (1843-இல் திறந்தது) 24 அன்று மூடியிருக்கும். ஜெர்மனியின் யூரோபா பார்க் 24, 25 இரண்டு நாளும் மூடும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பூங்காக்களுக்கு 25 விடுமுறை. ஆனால் நெதர்லாந்தின் எஃப்டெலிங் 2010 முதல் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது.

காலையா, மதியத்துக்கு மேலா?

வாசல் திறக்கும்போதே நுழைய வேண்டும் என்பது பொது விதி. வெயில் ஊர்களில் அது சரி. முதல் ஒரு மணி நேரத்தில் முடிகிற சவாரிகளுக்கு, மதியத்தில் அரை நாள் ஆகும்.

குளிர் நாடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ரோலர் கோஸ்டரின் சக்கரங்களில் பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற ரப்பர் போன்ற பொருளின் உறை இருக்கும். குளிரில் அது இறுகும், பேரிங்கிலுள்ள கிரீஸும் கெட்டியாகும். இரண்டும் சேர்ந்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும். அடுத்த மேட்டை ஏற முடியாமல் வண்டி பள்ளத்தில் நின்றுவிட்டால் அதை மீட்கவே பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஓட்டமாட்டார்கள். பனி படிந்த காலையில் ஆளில்லாமல் சோதனை ஓட்டம் விட்டு, சக்கரம் சூடான பிறகே மக்களை ஏற்றுவார்கள். எட்டு மணிக்குக் கொட்டும் குளிரில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால், மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். நீர்ச் சவாரிகளை மறந்தே விடுங்கள்.

அதே ஊர்களில் டிசம்பரில் சீக்கிரமே இருட்டிவிடும். மதியம் நுழைந்தால் கொஞ்ச நேரத்திலேயே விளக்குகள் ஏறிவிடும், மூன்று வயதுக் குழந்தையும் அவற்றைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆஸ்திரேலியாவில் அது கோடைக்காலம். அங்கே விளக்கு பார்க்க வேண்டுமானால் சிறுசுகள் இரவுவரை விழித்திருக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் காலைச் சவாரியோடு நிறுத்திக்கொண்டு மதியம் தூங்க வைத்து, மாலையில் திரும்ப வருவது மேல். மறு நுழைவு உண்டா என்று காலையிலேயே வாசலில் கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்பிரஸ் பாஸா, முறை மாற்றிச் சவாரியா?

எக்ஸ்பிரஸ் பாஸ் என்றால் கூடுதல் காசு கொடுத்து, சாதாரண வரிசையில் நிற்காமல் தனி வரிசையில் ஏறுவது. பலரும் காசை விடுவது இங்கேதான். வரிசைக் கணக்கு எளிது: முன்னால் நிற்கும் ஆட்களை, அந்தச் சவாரி ஒரு மணி நேரத்தில் ஏற்றும் ஆட்களால் வகுக்க வேண்டும். 24 இருக்கை வண்டி 90 வினாடிக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 960 பேர். முன்னால் 480 பேர் இருந்தால் அரை மணி நேரம். இப்போது நூற்றுக்கு 70 இருக்கையை எக்ஸ்பிரஸ் வரிசைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 288 இருக்கைதான். அதே 480 பேருக்கு இப்போது ஒரு மணி நாற்பது நிமிடம். குளிர்காலப் பராமரிப்புக்காக ஒரு வண்டியைக் கழற்றி எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே உச்ச வாரத்தில் பெரியவர்கள் மட்டும் போனால், பாஸ் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு அப்படியில்லை. பல பெரிய சவாரிகளின் உயர வரம்பு 102 செ.மீ. அல்லது அதற்கு மேல். 95 செ.மீ. குழந்தைக்கு எடுத்த பாஸில் பாதிச் சவாரிக்கு ஏற முடியாது. அதற்குப் பதில் முறை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள், அது இலவசம். டிஸ்னி பூங்காக்களில் எல்லோரும் சேர்ந்து நுழைவாயில் ஊழியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார், பிறகு வரிசையில் நிற்காமல் ஏறுவார். யூனிவர்சல் ஆர்லாண்டோவில் முறை வேறு: குடும்பமே வரிசையில் வந்து, ஏறுமிடத்துக்குப் பக்கத்திலுள்ள அறையில் ஒருவர் காத்திருப்பார். குழந்தை வெளியே நடுங்க வேண்டாம் என்பது அதன் நன்மை. வரிசை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது கஷ்டம்.

முதல் ஆள் யாரிடமும் சொல்லாமல் வரிசையில் புகுந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள்.

மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை நிரப்புவதற்கான தனியாள் வரிசை வேகமாக நகரும், ஆனால் ஆளுக்கொரு வண்டியில் பிரித்துவிடுவார்கள். டிஸ்னியில் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு 14 வயதாவது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், ஆறு வயதுக்காரருக்கு அந்த வழி கிடையாது.

ஒரே கனத்த ஜாக்கெட்டா, பல மெல்லிய அடுக்குகளா?

மெல்லிய அடுக்குகள். கனத்த ஜாக்கெட் போட்டிருந்தால் மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பூட்டாமல் போகலாம், ஊழியர் இறக்கிவிடலாம். கழுத்தில் சுற்றும் மஃப்ளரைச் சவாரிக்கு முன் கழற்றி, லாக்கரில் வையுங்கள். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்தால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்காது. டிக்கெட், காத்திருப்பு நேரம், பார்க்கிங் எண் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது.