நடுநரம்புக்கு மேலே காய், கீழே சோறு: பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் ஐந்து மாதம்

ஐந்து மாதமாக வாரத்தில் மூன்று நாள் மதியச் சாப்பாடு எனக்கு இந்தக் கடையில்தான். மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். பன்னிரண்டு மேசை, மூன்று மின்விசிறி, ஏர்கோன் கிடையாது. ருசியைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும். எடையைக் குறைக்க வேண்டிய ஒருத்தி வாழை இலைச் சாப்பாட்டை விடாமலே குறைக்க முடியுமா? என்னால் முடிந்தது, அதில் பாதி இந்தக் கடையால்தான்.

மார்ச் மாதம் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 6.3ஐத் தொட்டால் நீரிழிவு. எடை 78 கிலோ, வயது 47. அங்கே இருந்த உணவியல் அதிகாரி, என் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார், ஒரு தட்டுப் படத்தைக் காட்டினார். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காயும் பழமும். சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டிருக்கிற 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், அரை) அதுதான். ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "வெளியே சாப்பிடுவதை நிறுத்த முடியுமா ஆன்ட்டி?" என்று கேட்டார்.

முடியாது என்றேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து மாமியாருக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி என்று சமைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். இரவுச் சமையலும் நான்தான். நான் சமைக்காமல் சாப்பிடுகிற ஒரே வேளை அந்த மதியச் சாப்பாடு. அதையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு போய் அலுவலக மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவள். இலையில் சோறு மிச்சம் வைத்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் தின்று முடிப்பார். அதைப் பார்த்து வளர்ந்ததால், இலையில் விழுந்ததை விட்டுவிட்டு மடிக்க எனக்கு இன்றும் கை வராது. 'பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை வைத்துவிடுங்கள்' என்கிற ஆலோசனை என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. முதல் கரண்டியிலேயே சரியாக விழ வேண்டும். அதாவது என் டயட் என் கையில் இருந்ததைவிட, வாளி தூக்கி வருகிறவர் கையில்தான் அதிகம் இருந்தது.

இந்தக் கடையில் சோறு போடுகிற அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். டயட் தொடங்கிய முதல் நாள் நான் தயங்கித் தயங்கி, "அண்ணே, அரைக் கரண்டி போதும், டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போட்டா எடுக்க முடியாதும்மா, பத்தலைன்னா கூப்பிடுங்க" என்று அரைக் கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். 'இவ்வளவுதானா?' என்று கேட்கவில்லை. பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி எதுவும் பேசவில்லை. மூன்றாவது தடவை போனபோது நான் வாயே திறக்கவில்லை, அரைக் கரண்டிதான் விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு கப் வெந்த சோறு ஏறக்குறைய 200 கலோரி. முன்பெல்லாம் இதே கடையில் மூன்று கப்புக்குக் குறையாமல் சாப்பிட்டிருப்பேன். வெள்ளைச் சோறா புழுங்கலா என்று கேட்பார்கள், நான் புழுங்கல் வாங்குகிறேன். பசி கொஞ்சம் தாமதமாக வருகிறது என்பது என் அனுபவம்.

அப்புறம் இலை. நிறையக் கடைகளில் நடுநரம்பை வெட்டி எறிந்துவிட்டு ஒரு துண்டு இலையைப் போடுகிறார்கள். இங்கே நரம்போடு முழு அகல இலை. முதல் வாரம் 'தட்டுக்கு விளிம்பு இருக்கிறது, இலையில் எதைக் கால் என்று அளப்பது?' என்று குழம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் புரிந்தது. நரம்புக்கு மேலே கூட்டு, பொரியல், பச்சடி. கீழே சோறு. நம் பாட்டிகள் பரிமாறிய முறையிலேயே பாதி இலை காய்க்குத்தான் போயிருக்கிறது! கீழ்ப் பாதியில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் மீன் என்று வைத்துக்கொண்டால் கிளினிக்கில் காட்டிய படம் அப்படியே வந்துவிடும். அடுத்த சந்திப்பில் அந்த அதிகாரியிடம் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் காட்டலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

காய் மூன்று வகை, எத்தனை தடவை கேட்டாலும் கூடுதல் காசு இல்லை. முட்டைக்கோஸ் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி வருகிற நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு நாள், அரைப்பதமாக வேகவைத்து, தேங்காய் அளவாகப் போட்டு. ஆனால் பாகற்காய் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பாகற்காய் சர்க்கரைக்கு நல்லது என்று நான் முதல் இரண்டு வாரம் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். அது மாவில் பிரட்டி எண்ணெயில் முக்கிப் பொரித்தது. எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கே 40 கலோரிக்கு மேல் வரும். அந்த இரண்டு வாரமும் எடை அசையவே இல்லை. இப்போது நான்கு துண்டு, அப்பளம் ஒன்று, அதோடு சரி.

குழம்பை நான் சோற்றின் மேல் ஊற்றச் சொல்வதில்லை, ஓரமாக ஒரு கரண்டி. மீன் குழம்பில் தேங்காய்ப்பால் தூக்கலாக இருக்கும், அதனால் குழம்பு மீன் துண்டை மட்டும் வாங்கி ரசத்தோடு சாப்பிடுகிறேன். ரசம் இந்தக் கடையின் உயிர். மிளகு தொண்டையில் நிற்கும். உட்கார்ந்தவுடன் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிடுவேன், அதன் பிறகு சோற்றின் மேல் இருக்கிற பதற்றம் அடங்கிவிடுகிறது.

குடிக்க 'தே ஓ கோசோங்' தேநீர், பாலும் இல்லை, சீனியும் இல்லை. 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று தே தாரேக் என்கிற பால் தேநீரைக் கேட்பதில் பெரிய பலன் இல்லை, இனிப்பு அதில் ஊற்றுகிற கெட்டியான டின் பாலிலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. கோழி வறுவலில் எண்ணெய் இலையில் ஓடுகிறது. வேகவைத்த முட்டையோ, குழம்பிலும் போடாமல் எண்ணெயிலும் பொரிக்காத மீனோ கேட்டால் கிடையாது. சில நாள் ரசத்தில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக வந்த தம்பிகள் பரிமாறுவார்கள், அவர்களுக்கு 'கொஞ்சம்' என்பது காதிலேயே விழாது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தம்பி இரண்டு முழுக் கரண்டி போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் முழுவதையும் சாப்பிட்டேன். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது உண்மை. அடுத்த வாரம் அந்த அண்ணனிடம் சொன்னேன். இப்போது என் இலைக்கு அவரே வருகிறார்.

டயட்டுக்கென்றே இருக்கிற கடைகளுக்கும் போகாமல் இல்லை. ஒரு பேரங்காடியில் 27 ரிங்கிட் கொடுத்து ஒரு சாலட் வாங்கினேன். மேலே ஊற்றும் சாஸைத் தனியாகத் தரச் சொன்னதற்கு, எல்லாம் கலந்துதான் வரும் என்றார்கள். மூன்று மணிக்கெல்லாம் பசி வந்து பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்தேன். நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன் என்று 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரும் 27 ரிங்கிட் சாலட் சாப்பிட முடியாது. அவர்கள் தினமும் போகிற மாமாக் கடையிலும் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இலைக் கடையிலும் 'அரைக் கரண்டி' என்றால் அரைக் கரண்டி விழ வேண்டும், அதுதான் என் ஆசை.

ஆகஸ்டில் திரும்ப எடுத்த ரத்தத்தில் எச்பிஏ1சி 5.8. எடை 72.4 கிலோ. வீட்டில் எண்ணெயைக் குறைத்ததும், மாலையில் நடந்ததும் இதில் சேர்த்திதான்.

காய்கறிச் சாப்பாடு 11 ரிங்கிட், குழம்பு மீன் துண்டுக்குத் தனியாக 8. வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சுவர் ஓரமாக உள்ள மேசைகளில் உட்கார்ந்தால் அந்த அண்ணன் வருவார். கீரை செவ்வாயும் வியாழனும், பன்னிரண்டரைக்கு மேல் மிஞ்சாது.